வீட்டுச் சொல்

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி நறுமுகையின் பெயர் விழிப்புப் பலகையில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பள்ளி முழுவதும் எழுந்து கைதட்டியது.

"நம்ம பள்ளிக்கூடத்துல பாக்கியிருந்த ஒரே செவப்பும் இன்னிக்குப் போயிருச்சு. நறுமுகை, மேல வா சாமி" என்று தலைமையாசிரியை விஜயகௌரி அம்மையார் ஒலிபெருக்கியில் அழைத்தார்.

நறுமுகை மேடை ஏறினாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றைப் பரிசாகப் பெற்றுக்கொண்டாள். புகைப்படத்துக்கு நின்றாள். கீழே இறங்கியவள், தன் வரிசைக்குத் திரும்பாமல் நேராகக் குடிநீர்த் தொட்டியின் பின்புறம் சென்று வாந்தி எடுத்தாள்.

அதைப் பார்த்தவர் கணினி ஆசிரியை சிந்துஜா ஒருவர்தாம்.

"காலைல சாப்படலையா?"

"சாப்ட்டேனுங்க டீச்சர்."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. சந்தோசத்துல வந்துருக்குமுங்க" என்றாள் நறுமுகை, வாயைத் துடைத்துக்கொண்டே.

சிந்துஜா மேற்கொண்டு ஏதும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவருடைய இயல்பு. பதினைந்து ஆண்டுப் பணியில் அவர் எவரிடமும் குரல் உயர்த்தியதில்லை என்று உடன் பணிபுரிவோர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு உண்மையில் பாராட்டுதானா என்ற ஐயம் அவருக்கு அவ்வப்போது வருவதுண்டு. "முதல் பாடவேளை லேபுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பள்ளி திருச்செங்கோட்டை அடுத்து இருந்தது. ஊரில் பாதிக் குடும்பங்களின் பிழைப்பு போர்வெல் வண்டிகளை நம்பியது. ஆண்கள் ரிக் எனப்படும் அந்த வண்டியோடு புறப்பட்டால் ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் தரையைத் துளைத்துக்கொண்டே போவார்கள். வண்டி மாநிலம் மாறும்போதெல்லாம் அவர்களுடைய கைபேசி எண்ணும் மாறும். வீட்டுப் பெண்களுக்குப் புதிய புதிய எண்களிலிருந்து அழைப்பு வருவது அங்கே அன்றாடம்.

குரலைத் திருடும் கள்வர்களுக்கு இதைவிட வசதியான ஊர் வேறு கிடைக்காது. ஒருவர் பேசிய பேச்சில் ஒரு துளி கிடைத்தால் போதும், அவர் குரலிலேயே எதை வேண்டுமானாலும் பேசவைக்கும் கருவிகள் அப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டிருந்தன. கணவன் குரலில், மகன் குரலில் அழைத்துக் குடும்பங்களை மொட்டையடித்தார்கள். அப்போதுதான் சிந்துஜா தம் மாணவியருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதை எங்கும் எழுதக் கூடாது. கைபேசியில் தட்டக் கூடாது. நேரில், காதோடு காதாக மட்டுமே சொல்ல வேண்டும். யார் அழைத்தாலும் முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ரிக் வண்டி புறப்படும் நாளில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, போகிறவர் ஏணியில் ஒரு காலை வைத்தபடி குனிந்து வீட்டாரின் காதில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். வீட்டுச் சொல் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. சிந்துஜாவின் வாழ்க்கையில் அவர் மனத்துக்குள் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே செயல் அது.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'அரண்'.

நெடுவேலி என்ற தனியார் நிறுவனம் பள்ளிகளுக்கு விற்ற பயிற்சி முறை அது. மாணவியர், ஆசிரியர்கள் அனைவருடைய கைபேசியிலும் அரண் குடியேறும். கள்வர்கள் செய்வதையெல்லாம் அதுவே செய்து பார்க்கும். பொய் அழைப்பு, பொய்ச் செய்தி, பொய்ப் பரிசு என்று தூண்டில் போடும். ஏமாந்தால் பெயர் பலகையில் சிவக்கும். மூன்று முறை சிவந்தால் 'எளிதில் ஏமாறுவோர்' பட்டியலில் பெயர் ஏறிவிடும். கல்லூரிகள் அதைப் பார்த்துத்தான் இடம் தரும். தன்னை வீழ்த்திய அதே தூண்டிலைத் தானே மறுத்துவிட்டால் பழைய சிவப்பெல்லாம் அழிந்து பெயர் பச்சையாகும். மறுக்கப்பட்ட எண்ணை அரணே பூட்டிவிடும்; பிறகு அதிலிருந்து அழைப்பு வராது. பலகையில் ஆசிரியர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அது எந்நாளும் பச்சையாகவே இருந்தது.

கணினி ஆய்வகத்தில் நறுமுகை டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். சிந்துஜா வழக்கம்போலக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? தூண்டில் நம்மகிட்ட வீட்டுச் சொல்லக் கேக்குந்தானுங்க? அதுவே சொல்லுமுங்களா?"

"அதுக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? தெரிஞ்சா உங்கிட்ட எதுக்குக் கேக்குது?"

"நேத்து சொல்லுச்சுங்க."

சிந்துஜா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார்.

நறுமுகைக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் முகிலன். தந்தை செல்லமுத்துவின் ரிக் வண்டியிலேயே துளைப்பாளனாகப் போனவன், ராய்ப்பூரில் ஒரு செவிலியைக் காதலித்துத் திருமணம் செய்துகொண்டான். தந்தை அவனை வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார். அவன் வேறொருவருடைய வண்டிக்குப் போய்விட்டான். ஓராண்டுக்கு மேலாகிறது. எந்த எண்ணிலிருந்து எப்போது அழைப்பானோ என்று நறுமுகை வருகிற ஒவ்வொரு புதிய எண்ணையும் எடுத்தாள். அண்ணன் குரலில் அரண் போட்ட தூண்டிலில் இருமுறை சிக்கினாள். முதல்முறை, "புது வீட்டுச் சொல் என்ன பாப்பா?" என்று கேட்டதும் சொல்லிவிட்டாள். இரண்டாம் முறை அது தூண்டில் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் அழைப்பைத் துண்டிக்காமல், அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள். அதற்கும் சிவப்பு.

"நேத்து சாயந்தரம் புது நம்பருங்க. 'பாப்பா, சாப்ட்டியா'ன்னு கேட்டுச்சு. அண்ணன் கொரலே தானுங்க. பொறத்தால ரிக் ஓடுற சத்தம். இன்னொரு செவப்பு வந்தா வெட்னரி காலேஜ மறந்துரோணும்னு எச்.எம். மேடம் சொல்லியிருந்தாங்கல்லங்க? அதனால நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, 'வீட்டுச் சொல்லச் சொல்லுங்க'ன்னு கேட்டேன். 'கெணத்துப் பூன'ன்னு சொல்லுச்சுங்க."

"அதுதான் உங்க வீட்டுச் சொல்லா?"

"முந்தி அதுதானுங்க. பூன ஒண்ணு கெணத்துல உழுந்து, அண்ணன் கயித்தக் கட்டி எறங்கித் தூக்குச்சு. அப்ப நாங்க ரெண்டு பேரும் வெச்ச சொல்லு. அண்ணன் வீட்ட உட்டுப் போன அந்த வாரமே அப்பா அத மாத்திப்போட்டாரு. இப்ப இருக்கறது வேற. தப்பான சொல்லு சொன்னா போன வெச்சரோணும்ல? வெச்சுட்டேனுங்க. வெச்ச ஒடனே போன்ல பட்டாசு வெடிக்கற மாதிரிப் படமெல்லாம் வந்துச்சு. பச்சை."

அவள் அழவில்லை. டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"அந்தப் பழைய சொல்ல நீ எங்கயாச்சும் சொல்லியிருக்கியா? போன்ல? யார்கிட்டயாச்சும்?"

"இல்லீங்க. நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க."

"நம்ம வெள்ளிக்கெழம வகுப்புல?"

"அண்ணனப் பத்திச் சொன்னேனுங்க. புது நம்பர் எது வந்தாலும் எடுத்துருவேன்னு சொன்னேன். சொல்ல மட்டும் சொல்லலீங்க."

சிந்துஜாவுக்கு இரண்டு விஷயங்கள் புலப்பட்டன. முதலாவது தெளிவானது: எந்தக் கருவிக்கும் தெரியாத ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு நேற்று அழைத்தவன் யார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இரண்டாவது, வெள்ளிக்கிழமை வகுப்பு.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் அவர் கதவைச் சாத்திவிட்டு மாணவியரை வட்டமாக உட்காரச் சொல்வார். அந்த வாரத்தில் யார் எப்படி ஏமாந்தோம், எங்கே ஏமாற இருந்தோம் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது, மதிப்பெண் கிடையாது, வெளியே பேச்சு போகாது. ஏமாந்ததை வெட்கப்படாமல் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கள்வனாலும் நெடுநாள் ஏமாற்ற முடியாது என்பது சிந்துஜாவின் உறுதியான எண்ணம். நறுமுகை தன் அண்ணனைப் பற்றி அங்கே மனம் திறந்தாள். அண்ணன் குரலில் முதல் தூண்டில் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

சுவரில், வருகைப் பதிவுக்காக மாட்டியிருந்த டேப்லெட் தன் சிறு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிந்துஜா அதை முதன்முறையாகப் பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார்.

"நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தலைமையாசிரியை அறையில் நெடுவேலியின் பிரதிநிதி ரித்விக் காபி அருந்திக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அந்தப் பள்ளிக்கு 'முழுப் பச்சைப் பள்ளி' விருது வெள்ளிக்கிழமை வழங்கப்படுவதாக இருந்தது. அதற்கான கடைசிச் சரிபார்ப்புக்காக வந்தவன்.

"வாங்க சிந்துஜா. இவங்கதான் சார் எங்க கம்ப்யூட்டர் டீச்சர். அந்த வீட்டுச் சொல் யோசனையே இவங்களோடதுதான்" என்றார் விஜயகௌரி அம்மையார்.

"சூப்பர் மேம். எங்க ஆபீஸ்லயே அதப் பத்திப் பேசுவோம்."

"ரொம்ப நன்றிங்க சார். ஒரு சின்னச் சந்தேகமுங்க. தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கோணும்" என்று தொடங்கினார் சிந்துஜா. "நறுமுகைக்கு அவ அண்ணன் கொரல்ல தூண்டில் போட்டீங்கல்லங்க? அவளுக்கு அண்ணன்னா உருகிப்போவாங்கறது அரணுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"கிளாஸ்ரூம் டேப் மேம். அட்டெண்டன்ஸ் எடுக்கறதோட, வகுப்புல பேசுறதையும் அது கவனிக்கும். உங்க வெள்ளிக்கிழமை வகுப்பு ரொம்ப உதவியா இருந்துச்சு. மத்த ஸ்கூல்ல பிள்ளைங்களோட பலவீனம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே மாசக்கணக்காகும். இங்க அவங்களே சொல்லிடறாங்க."

அவன் அதை மெய்யான மரியாதையோடுதான் சொன்னான்.

"கதவச் சாத்திட்டுத்தான் சார் பேசுனோம்."

"டேப் கதவுக்கு உள்ள தான மேம் இருக்கு."

சிந்துஜா தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் மேசைமீதிருந்த உருண்டைக் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பந்தத்துல இருந்துச்சு சிந்துஜா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். உங்ககிட்டச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"அவ அண்ணன் கொரலுக்கு எங்கீங்க போனீங்க?"

"அவங்கப்பா ஒப்புதல் குடுத்துருக்காரு மேம். குடும்ப குரூப்ல இருந்த பழைய வாய்ஸ் மெசேஜ்." ரித்விக் காபியைக் கீழே வைத்தான். "மேம், நீங்க ஃபீல் பண்றது புரியுது. ஆனா திருடன் இரக்கம் பாப்பானா? எங்க தொட்டா வலிக்குமோ அங்கதான் அவன் கை வைப்பான். நாங்க அத முன்னாடியே செஞ்சு காட்டுறோம், அவ்வளவுதான்."

"திருடன் பள்ளிக்கூடம் நடத்தறதில்லீங்க சார்."

தாம் சொன்னது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் பழகிய நாக்கு ஒரு கணம் தயங்கியது. பிறகு, கேட்பதில்லை என்று முடிவு செய்தது.

"அந்தப் பிள்ளைங்க என்னை நம்பி வாயத் தொறந்தாங்க. 'இங்க எனக்கு வலிக்குது டீச்சர்'ன்னு காட்டுனாங்க. நீங்க அதக் கேட்டு அளவெடுத்துக்கிட்டுப் போயி, அதே எடத்துல குத்தியிருக்கீங்க. குத்துனதும் கத்துன பிள்ளைய, ஏமாளின்னு பலகைல எழுதிப் போட்டீங்க. இதுல பாதுகாப்பு எங்கீங்க இருக்குது?"

ரித்விக் தலைமையாசிரியையைப் பார்த்தான்.

"இன்னொண்ணு சார். நேத்து சாயந்தரம் நறுமுகைக்கு நீங்க தூண்டில் போட்டீங்களா?"

"அதெல்லாம் நாங்க வெளிய சொல்றதில்ல மேம். ரகசியம் இருந்தாத்தான் பயிற்சி."

"போட்டீங்களா, இல்லையா?"

குரல் உயரவில்லை. ஆயினும் ரித்விக் தன் மடிக்கணினியைத் திறந்தான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"போடல" என்றான் மெதுவாக.

"பின்ன பச்சை எதுக்குங்க வந்துச்சு?"

"தெரியாத எண். சொல் தப்பு. மாணவி மறுத்துட்டாங்க. அரணைப் பொறுத்தவரைக்கும் அது தூண்டில்தான் மேம். யார் போட்டாங்கங்கறது அதுக்குத் தேவையில்ல."

"அது அவ அண்ணனுங்க."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிச் சொல்றீங்க?" என்றார். சிந்துஜா பழைய வீட்டுச் சொல்லைப் பற்றி, அந்தச் சொல் எதுவென்று கூறாமல், விளக்கினார். எந்தக் கருவியின் காதிலும் விழாத சொல். அண்ணன், தங்கை, பெற்றோர் தவிர எவரும் அறியாத சொல். ரித்விக்கின் முகம் செத்துப்போயிற்று.

"இப்ப அந்த எண் பூட்டிக் கெடக்குது. அவன் திரும்பக் கூப்பிட்டாலும் அவளுக்கு மணி அடிக்காது. அதத் தொறந்து விடோணுமுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"திறக்கலாம் மேம். 'தவறான மறுப்பு'ன்னு பதிவு பண்ணணும். பெற்றோர் ஒப்புதல் வேணும். ஆனா..." அவன் தலையைச் சொறிந்தான். "தவறான மறுப்புக்கும் சிவப்புதான். ஆளைச் சரியா அடையாளம் காணலைங்கற கணக்குல வரும். பச்சை ரத்தானா பழைய ரெண்டு சிவப்பும் திரும்பிடும். அது மூணாவதாயிரும்."

"ஆகமொத்தம், எடுத்தா செவப்பு. எடுக்காம வெச்சாலும் செவப்பு."

"வெச்சதுக்குப் பச்சை வந்துருச்சே மேம். யாரும் எதுவும் கேக்காம இருந்தா, அது பச்சையாவே இருக்கும்."

"வெள்ளிக்கிழமை விழா, சிந்துஜா" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. "பிள்ளையோட நல்லதையும் பாருங்க. கால்நடை மருத்துவம் படிக்கோணும்னு சின்ன வயசுலருந்து சொல்லிட்டிருக்கறா. எதுக்கும் அவங்கப்பாவையே கேட்டுருவோம்."

அவர் செல்லமுத்துவுக்கு அழைத்து ஒலியைக் கூட்டி வைத்தார். அந்தப் பக்கத்தில் லாரிப் பட்டறையின் சம்மட்டி ஓசை. தலைமையாசிரியை சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லி முடித்தார். சம்மட்டி நாலைந்து முறை விழுந்தது.

"எந்த அண்ணனுங்க மேடம்?" என்றார் செல்லமுத்து. "எனக்கு ஒரே புள்ளைங்க. பச்சைன்னு வந்துருக்குதுல்லீங்க? பச்சையாவே இருக்கட்டுமுங்க." அழைப்பு முடிந்தது.

சிந்துஜா எழுந்தார். கை கூப்பினார். கை கூப்புவது பழக்கம்.

"மேம்" என்று பின்னாலிருந்து ரித்விக் அழைத்தான். கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "உங்க போன்லயும் அரண் இருக்கு. பூட்டின எண்ணுக்கு நீங்க கூப்பிட்டாலும் அது பதிவாகும். அதுல யார் பேசினாலும் அவங்க பேரும் சிவக்கும். சும்மா சொல்றேன்."

"தெரியுமுங்க சார். உள்ள ஏத்துனதே நாந்தான்."

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, சுவரிலிருந்த டேப்பைக் கழற்றியது. அதைக் கொண்டுபோய்த் தாழ்வாரத்துச் சன்னல் விளிம்பில், சுவரைப் பார்க்கும்படி வைத்தார். ஒறுக்கப்பட்ட பிள்ளையை நிறுத்துவதுபோல இருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் நறுமுகையிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை வகுப்பைப் பற்றியும் சொன்னார்.

"எனக்குத் தெரியாம நடந்துச்சு. ஆனா என்னோட வகுப்புல நடந்துச்சு" என்றார்.

நறுமுகை டிபன் பாக்ஸைப் பக்கத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்ப அது அண்ணந்தானுங்களா டீச்சர்?"

"அண்ணந்தான்."

"'சாப்ட்டியா'ன்னு கேட்டப்பவே தெரியுமுங்க. அந்த மெஷின் ரெண்டு தடவ பேசுச்சு. ஒரு தடவகூட சாப்ட்டியான்னு கேக்கல." அவள் தன் கைபேசியை எடுத்துக் காட்டினாள். திரையில் அந்த எண் சாம்பல் நிறத்தில் கிடந்தது. படிக்க முடிந்தது; தொட்டால் அசையவில்லை. "அந்தப் பச்சை எனக்கு வேண்டாமுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பட்டியல்ல பேரு ஏறிட்டா நான் சண்டை போடுவேன். எழுதுவேன், அலைவேன். ஆனா ஜெயிப்பேன்னு உனக்கு வாக்குக் குடுக்க என்னால முடியாது."

"ஏமாளின்னுதான எழுதுவாங்க? எழுதட்டுங்க. அண்ணன் கூப்புட்டப்ப போன வெச்சவள்ன்னு எழுதறதுக்கு அது பரவால்லீங்க."

சிந்துஜா தம் கைபேசியில் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினார். சந்தேகம் வந்தால் வந்த வழியை விட்டு வேறு வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று அவர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவதுண்டு. மணி அடித்தது. எடுத்ததும் ரிக் எந்திரத்தின் பேரோசை அறைக்குள் நிறைந்தது.

"யாருங்க?"

"வணக்கமுங்க தம்பி. நான் நறுமுகையோட டீச்சர் சிந்துஜா பேசறேன்..."

"ஓகோ. நேத்து தங்கச்சி, இன்னிக்கு டீச்சரா? நாளைக்கு எங்கப்பன் வருவாரா?"

"தம்பி, வெச்சராதீங்க..."

நறுமுகை கைபேசியை வாங்கிக்கொண்டாள். "அண்ணா. கெணத்துப் பூன."

"அது இனிச் செல்லாது" என்றது குரல். "நேத்து அத நானே ஒரு மெஷின்கிட்டச் சொல்லிப்போட்டேன். என்ற தங்கச்சி கொரல்லயே, 'வீட்டுச் சொல்லச் சொல்லுங்க'ன்னு கேட்டுச்சு. சொல்லுங்களாம்! அவ எந்தக் காலத்துல என்னை வாங்க போங்கன்னு பேசியிருக்கறா? சரியான சொல்லச் சொன்னதும் வெச்சுருச்சு. என்ற தங்கச்சியா இருந்தா வெச்சுருப்பாளா?"

நறுமுகையின் கண்களில் காலையிலிருந்து தேங்கியிருந்தது அப்போதுதான் வழிந்தது.

"அது நாந்தான்டா அண்ணா."

"அப்புடித்தான் சொல்லுவீங்க."

"அப்பா சொல்ல மாத்திப்போட்டாருடா. நீ வீட்ட உட்டுப் போன அந்த வாரமே. நீ சொன்னது பழசு. அதனாலதான் வெச்சேன்."

எந்திர ஓசைக்கு மேலே குரலை உயர்த்தி அவன் கேட்டான்: "அப்புடீன்னா, புதுச் சொல்லு என்ன?"

நறுமுகை திடுக்கிட்டு ஆசிரியையைப் பார்த்தாள். முதல் தூண்டில் கேட்ட அதே கேள்வி, அதே குரல். தலையசைக்கவும் அவரால் முடியவில்லை. தாம் கற்றுக்கொடுத்த பாடமெல்லாம் அந்த இருவருக்கும் நடுவே ஒரு சுவராக எழும்பி நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதச் சொல்ல மாட்டேன்" என்றாள் நறுமுகை. "மெஷினும் அதையேதான் கேட்டுச்சு."

"அப்ப நீ என்னை நம்பல."

"நீயுந்தான் என்னை நம்பல."

யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நறுமுகை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பூன உன்ற கட்டல்லதான்டா படுக்குது. நீ போனதுலருந்து வேற எங்கயும் படுக்கறதில்ல. அப்பா தொரத்தித் தொரத்திப் பாத்துட்டு உட்டுட்டாரு."

"நான் போனதுக்கப்பறம் நடந்தது எனக்கு எப்புடித் தெரியும்? அத நான் எங்க போயிச் சரிபாக்கறது?"

"சரிபாக்க முடியாதுடா. நம்பித்தான் ஆகோணும்."

தொலைவில், பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில், ரிக் எந்திரம் இருமி, இழுத்து, நின்றது. அதன்பின் வந்த அமைதியில் அவன் மூச்சு விடுவது அறை முழுவதும் கேட்டது.

"சாப்ட்டியா?" என்றான்.

"காலைல சாப்ட்டேன். எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேன். உன்னாலதான்டா, நாயே."

அவன் சிரித்தான். அல்லது அழுதான். கைபேசியில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன.

வெளியே மைதானத்தில் திடீரென்று சலசலப்பு எழுந்தது. சிந்துஜா சன்னலருகே சென்று பார்த்தார். விளையாட்டு வகுப்பிலிருந்த பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டு விழிப்புப் பலகையின் முன்னால் கூடிக்கொண்டிருந்தார்கள். நறுமுகையின் பெயர் மீண்டும் சிவந்திருந்தது. விருதுக்காக அதன் மேலே கட்டியிருந்த பச்சைத் தோரணம் காற்றில் ஆடியது. சிறுமி ஒருத்தி கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்ட, எல்லாரும் பலகையின் மற்றொரு பக்கத்தைப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கான வரிசையில், அந்தப் பலகையை மாட்டிய நாளிலிருந்து முதன்முறையாக, ஒரு பெயர் சிவப்பாகியிருந்தது.

சிந்துஜா தம் பெயரை ஒருமுறை முழுவதுமாகப் படித்தார். எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

பிறகு அவர் ஒரு நாற்காலியைத் தாழ்வாரத்துக்கு எடுத்துச் சென்று, உள்ளே நடக்கும் பேச்சு தம் காதில் விழாத தூரத்தில் போட்டு, ஆய்வகக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.